வடிகட்டியும் கல்லாப்பெட்டியும்

(கெலவரப்பள்ளி அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2023 அக்டோபரில், வாஷிங்டன் மத்திய நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டில் சில வார இடைவெளியில் இரண்டு பேர் ஏறினார்கள். இருவருமே சென்னை ஐஐடியில் படித்தவர்கள். கூகுளின் தேடல் ஏகபோகத்தை எதிர்த்து அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு அது. முதலில் வந்தவர் ஸ்ரீதர் ராமசாமி. பதினைந்து ஆண்டுகள் கூகுளில் இருந்து, அதன் விளம்பரப் பிரிவின் தலைவராக உயர்ந்தவர். 2018-இல் வெளியேறி, விளம்பரமே இல்லாத ஒரு தேடுபொறியைக் கட்டி, அதை மூடிவிட்டும் வந்திருந்தார். அடுத்து வந்தவர் பிரபாகர் ராகவன். ராமசாமி விட்டுச்சென்ற விளம்பர நாற்காலியில் அமர்ந்தவர். 2020-இல் தேடல் பிரிவையும் சேர்த்து ஏற்றவர்.

தேடுபொறியில் குப்பை ஏன் ஒழியவில்லை என்று கேட்பவர்கள் இந்த இருவரின் பாதையையும் பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் பாதிக் கதைதான். மீதிப் பாதி கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

எது குப்பை? மோசமாக எழுதப்பட்ட பக்கமெல்லாம் குப்பை ஆகாது. வாசிப்பவரை மறந்து, வரிசைப்படுத்தும் எந்திரத்தை ஏய்ப்பதற்கென்றே எழுதப்பட்ட பக்கம்தான் இங்கே பேசப்படும் குப்பை. 'நாளை பள்ளி விடுமுறையா?' என்று மழைக்காலத்தில் தேடிப் பார்த்த எந்தப் பெற்றோருக்கும் அது பழக்கம். தலைப்பில் கேள்வி இருக்கும். 'முழு விவரம் உள்ளே' என்ற உறுதிமொழி இருக்கும். உள்ளே போனால் விடுமுறை என்றால் என்ன என்பதில் தொடங்கி எட்டுப் பத்தி ஓடும். கடைசியில் 'அறிவிப்பு வந்ததும் தெரிவிக்கப்படும்' என்று முடியும். அதற்குள் நான்கு விளம்பரங்கள் கண்ணில் பட்டிருக்கும். பக்கம் வந்த வேலை முடிந்தது.

1990-களின் நடுவில் இந்த வித்தை இன்னும் எளிதாக இருந்தது. ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு சொல் பக்கத்தில் எங்கே, எத்தனை முறை வருகிறது என்றே பார்த்தன. எனவே வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை அடித்து வைத்தார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, எந்திரம் எண்ணிக்கொள்ளும். 1998-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கொண்டுவந்த பேஜ்ரேங்க் இதை மாற்றியது. ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைவிட, மற்ற பக்கங்கள் அதற்கு எத்தனை இணைப்பு கொடுக்கின்றன, கொடுப்பவர்களின் மதிப்பு என்ன என்று அது பார்த்தது. இணைப்பு ஒரு வாக்கு ஆனது. வாக்குக்கு மதிப்பு வந்துவிட்டால் விலையும் வரும் என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பொய்த் தளங்களைத் திறந்து, அவை ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்துக்கொள்ளும் பண்ணைகள் முளைத்தன.

இந்தப் பண்ணைகளுக்கு எதிரான முதல் நல்ல யோசனைகளில் ஒன்று பெங்களூரில் பள்ளிப்படிப்பையும் சென்னை ஐஐடியில் பட்டத்தையும் முடித்த கிருஷ்ண பரத்திடமிருந்து வந்தது. கூகுள் நியூஸை உருவாக்கியவர் என்றே பலருக்கு அவரைத் தெரியும். 2001-இல் ஹாங்காங் மாநாட்டில் ஜார்ஜ் மிஹைலா என்பவருடன் சேர்ந்து அவர் முன்வைத்த 'ஹில்டாப்' முறை கேட்டது ஒரே கேள்வி: பாராட்டுகிறவரும் பாராட்டப்படுகிறவரும் உறவுக்காரர்களா? இரண்டு தளங்களின் கணினி முகவரியில் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருந்தால், அல்லது அவற்றின் பெயரின் முக்கியப் பகுதி ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே கை. அவை ஒன்றுக்கொன்று சொல்லும் சாட்சியம் செல்லாது. ஒரு துறையில் தொடர்பற்ற இரண்டு நிபுணர்களாவது சுட்டினால்தான் ஒரு பக்கம் மேலே வரும். கணக்குப் பெரிதில்லை. மனித சுபாவத்தைப் பற்றிய புரிதல்தான் அதில் பெரிது.

மூன்றாண்டுகள் கழித்து, ஸ்டான்ஃபோர்டின் சோல்தான் ஜோஞ்சியும் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் யாகூவின் யான் பெடர்சனும் 'டிரஸ்ட்ரேங்க்' என்ற முறையை வெளியிட்டார்கள். கையால் தேர்ந்தெடுத்த நம்பகமான சில தளங்களிலிருந்து தொடங்கு; அவை சுட்டும் தளங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடு; அவை சுட்டுபவற்றுக்கு இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடு. நல்ல தளம் குப்பைக்கு இணைப்புக் கொடுப்பது அரிது என்பது அதன் அடிப்படை. சென்னை ஐஐடியிலிருந்து போன இன்னொருவரான ஆனந்த் ராஜாராமன், ஜெஃப்ரி உல்மன் முதலியோருடன் எழுதிய பாடநூலில் இந்த முறைக்கே தனிப்பகுதி உண்டு. பல்கலைக்கழகம், அரசுத் துறை போன்றவற்றின் தளங்களே இப்படி நம்பித் தொடங்கத் தகுந்தவை என்று கொள்வது வழக்கம்.

அந்த நம்பிக்கையின் கதி என்ன ஆயிற்று? 2024 மே மாதம், இந்தியாவின் பல மாநிலங்களைச் சேர்ந்த அரசுத் தளங்களின் உள்முகவரிகள் சூதாட்டத் தளங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்ததை டெக்கிரஞ்ச் செய்தித்தளம் அம்பலப்படுத்தியது. வெளியே நின்று எந்திரத்தின் நம்பிக்கையைச் சம்பாதிப்பதைவிட, ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற வீட்டின் பின்கதவை உடைத்து உள்ளே குடியேறுவது மலிவு. அரசு அலுவலகத் தளங்களில் அந்தக் கதவு பலமுறை தாழிடாமலே இருக்கிறது.

குப்பை வடிகட்டியின் பொற்காலம் என்று சொல்லத்தக்கது 2006 முதல் 2012 வரையிலான காலம். கூகுளின் குப்பைத் தடுப்புக் குழுவை மேட் கட்ஸ் நடத்தினார். தரவரிசை விதிகள் ஜான்சியில் பிறந்து ரூர்க்கியில் படித்த அமித் சிங்கால் கையில் இருந்தன. பெரிய பெயர் என்பதற்காக யாரையும் விட்டுவைக்காத காலம் அது. 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளம் தேடலிலிருந்தே தூக்கப்பட்டது. எந்திரத்துக்கு ஒரு பக்கம், மனிதருக்கு வேறொரு பக்கம் காட்டியது குற்றம். திருத்திக்கொண்டபின் சில நாளில் திரும்பச் சேர்த்தார்கள்.

2011 பிப்ரவரியில் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடரின் முறை. நாட்டுக்கே பெயர் தெரிந்த அந்தக் கடைக்காக, சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் இணைப்புகள் நடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்து கூகுளிடம் காட்டியது. சாம்சனைட் கைப்பெட்டி என்று தேடினால் புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, ஒன்பது மணிக்கு 71-ஆவது இடத்தில் கிடந்தது. பென்னி தனக்கு எதுவும் தெரியாது என்றது. இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது வேறு. அந்த இணைப்புகளைக் கண்டுபிடித்தது கூகுளின் எந்திரம் அல்ல, ஒரு செய்தித்தாள்.

அதே மாதத்தில் கூகுளின் தரவரிசையில் வந்த மாற்றம்தான் பாண்டா. விலங்கின் பெயர் என்று பலர் நினைப்பார்கள். அது கூகுளில் வேலை பார்த்த இந்தியப் பொறியாளர் ஒருவரின் குடும்பப் பெயர். அப்போது மலிவுக் கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் எழுதிக் குவிக்கும் தொழிற்சாலைகள் கொடிகட்டிப் பறந்தன. அவற்றில் பெரியதான டிமாண்ட் மீடியா, 2011 ஜனவரியில் பங்குச்சந்தைக்கு வந்த அன்றே நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தைவிட அதிக மதிப்புப் பெற்றது. இப்படிப்பட்ட மலிவுக் கட்டுரையை எந்திரத்துக்கு எப்படி அடையாளம் காட்டுவது? சிங்காலின் குழு முதலில் மனிதர்களிடம் போனது. இந்தத் தளம் சொல்லும் மருந்தை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்பதுபோன்ற கேள்விகளைக் கேட்டு, பதில்களைத் திரட்டி, அந்தத் தீர்ப்புகளைப் போலத் தீர்ப்புச் சொல்ல எந்திரத்தைப் பழக்கினார்கள். அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் ஒரே அடியில் மாறின. கட்டுரைத் தொழிற்சாலைகள் சரிந்தன.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் பென்குயின் என்ற அடுத்த மாற்றம் வந்தது. இது இணைப்பு வியாபாரத்துக்கு எதிரானது. அன்று கூகுள் வெளியிட்ட புள்ளிவிவரத்தில் ஓர் அரிய விஷயம் இருக்கிறது. ஆங்கிலத் தேடல்களில் 3.1 சதவீதம் மாறும். ஜெர்மன், சீனம், அரபு மொழிகளில் சுமார் 3. குப்பை அதிகமுள்ள போலிஷ் மொழியில் 5 சதவீதம் என்று மொழிவாரியாகச் சொன்னார்கள். குப்பையின் அளவு மொழிக்கு மொழி வேறுபடும் என்று நிறுவனமே எண்ணோடு ஒப்புக்கொண்ட தருணம் அது. தமிழுக்கு என்ன எண் என்று அந்த அறிவிப்பில் இல்லை.

ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணைக்கருகில் நின்றுகொண்டு வடிகட்டியைப் பற்றிப் பேசும்போது தென்பெண்ணையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. நந்திமலையில் பிறக்கும் ஆறு. பெங்களூரின் பெல்லந்தூர், வர்தூர் ஏரிகளின் கழிவு அதில் சேர்கிறது. கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து 44.28 அடி கொள்ளும் இந்த அணைக்கு வருகிறது. மழை பெய்து மதகு திறந்தால் நுரை மலைபோல் எழுகிறது. தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தை நிறுத்துகிறது. தண்ணீர் பீய்ச்சிக் கலைக்கிறார்கள். கலைக்கத்தான் வேண்டும், வண்டி போக வேண்டுமே. ஆனால் நுரை மதகில் உற்பத்தியாகவில்லை என்பது இங்குள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேடல் குப்பையும் அப்படியே. ஆற்றிலாவது மேலே கழிவு விடுகிற ஊர் ஒரு மாநிலம், கீழே நுரையைக் கலைக்கிற ஊர் இன்னொரு மாநிலம். இணையத்தில் இரண்டு வேலைக்கும் கூலி ஒரே கல்லாவிலிருந்து போகிறது.

காரணம் இதுதான். 2003-இல் கூகுள் ஆட்சென்ஸ் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தன் தளத்தில் கூகுள் விளம்பரத்தை வைக்கலாம். வருவாயில் பங்கு வரும். நேர்மையான எத்தனையோ சிறு பதிப்பாளர்கள் அதனால் பிழைத்தார்கள், உண்மை. விளம்பரத்தைத் தாங்குவதற்கென்றே பிறந்த பக்கங்களும் அதனால்தான் பிறந்தன. ஒரு கை அவற்றுக்குச் சோறு போட்டது, மறு கை அவற்றைத் துரத்தியது. வேடிக்கை என்னவென்றால், விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998-இல் எழுதியவர்கள் பேஜும் பிரின்னும்தான். கூகுளை அறிமுகப்படுத்திய அவர்களது ஆய்வுக்கட்டுரையின் பின்னிணைப்பில் இது இருக்கிறது. தேடல் வரிசைக்கும் விளம்பரத்துக்கும் இடையே சுவர் இருக்கிறது என்பது அன்று முதல் இன்று வரை நிறுவனத்தின் பதில்.

அந்தச் சுவர் எவ்வளவு உயரம் என்பது வாஷிங்டன் வழக்கில் ஓரளவு தெரிந்தது. 2019 பிப்ரவரியில், தேடல் பிரிவின் அன்றைய தலைவர் பென் கோம்ஸ் எழுதிய மின்னஞ்சல்கள் நீதிமன்றத்தில் வெளியாயின. தேடல் குழு விளம்பரத்தோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்கிறது என்ற கவலை அவற்றில் இருந்தது. கோம்ஸும் பெங்களூரில் வளர்ந்தவர். அடுத்த ஆண்டே அவர் கல்விப் பிரிவுக்குப் போனார். அவர் இடத்துக்கு விளம்பரத் தலைவர் ராகவன் வந்தார். ராகவன் இந்தத் துறையின் ஆழம் தெரியாதவர் அல்ல. 2008-இல் மேனிங், ஷூட்சே ஆகியோருடன் அவர் எழுதிய தகவல்தேடல் பாடநூல் உலகெங்கும் வகுப்பறைகளில் இருக்கிறது. தேடல் குப்பையின் வகைகளை மாணவருக்கு விளக்கும் பகுதியும் அதில் உண்டு. குப்பையைப் பற்றிப் பாடநூல் எழுதியவர் பொறுப்பில் இருந்தும் குப்பை பெருகியது என்றால், கோளாறு அறிவில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஸ்ரீதர் ராமசாமி செய்து பார்த்தது ஏற்பாட்டையே மாற்றுவதை. விவேக் ரகுநாதனுடன் 2019-இல் தொடங்கிய நீவா, 2021-இல் அமெரிக்காவில் மக்களிடம் வந்தது. விளம்பரம் இல்லை, மாதச் சந்தா 4.95 டாலர். சந்தா கட்டுகிறவரே முதலாளி என்பதால், விளம்பரம் தாங்கிய பக்கத்தை மேலே கொண்டுவர நீவாவுக்கு எந்த ஆசையும் இருக்க வழியில்லை. எந்தத் தளம் அதிகம் வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பயனரே சொல்லிவிடலாம். 2023 ஜூன் 2-ஆம் தேதி அது மூடப்பட்டது. தேடுபொறியைக் கட்டுவதைவிட, கைபேசியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் தேடுபொறியை விட்டு மக்களை நகர்த்துவதுதான் கடினம் என்று விடைபெறும்போது சொன்னார்கள். எவ்வளவு கடினம் என்பதற்கு விலை ராகவனின் சாட்சியத்தின்போது வெளிவந்தது. கைபேசிகளிலும் உலாவிகளிலும் முன்னிருப்புத் தேடுபொறியாக இருப்பதற்காக கூகுள் 2021-இல் மட்டும் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ஏறத்தாழ இரண்டு லட்சம் கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் அந்த வழக்கின் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார்.

கூகுள் சும்மா இருந்தது என்று சொல்வது அநியாயம். 2018-இல் ஸ்பேம்பிரெய்ன் என்ற செயற்கை நுண்ணறிவு வடிகட்டியை வேலைக்கு வைத்தது. ஒரு நாளில் கண்டுபிடிக்கும் குப்பைப் பக்கங்கள் 2,500 கோடி என்று 2019 அறிக்கையில் சொன்னது, அடுத்த ஆண்டு 4,000 கோடி என்றது. 2024 மார்ச்சில் மூன்று புதிய விதிகள் வந்தன: எந்திரத்தாலோ ஆட்களாலோ மொத்தமாக எழுதிக் குவிப்பது, காலாவதியான நல்ல தளத்தின் பெயரை விலைக்கு வாங்கிக் குப்பை கொட்டுவது, பெயர்பெற்ற பத்திரிகையின் தளத்தில் இடம் வாடகைக்கு எடுத்து வியாபாரம் செய்வது, மூன்றும் குற்றம். தரமற்ற உள்ளடக்கம் 45 சதவீதம் குறைந்தது என்று பிறகு அறிவித்தது. அளந்ததும் அவர்களே, அறிவித்ததும் அவர்களே.

வெளியிலிருந்து அளந்தவர்கள் அவ்வளவு உற்சாகமாக இல்லை. லைப்சிக், வைமர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொருள் விமர்சனம் தொடர்பான 7,392 தேடல்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்து 2024 தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். இணையத்தில் உள்ள விமர்சனப் பக்கங்களில் சிறு பகுதிதான் தரகு வருமானத்துக்காக எழுதப்பட்டவை. ஆனால் தேடலில் மேலே வருபவற்றில் பெரும்பகுதி அவைதான். ஒவ்வொரு வடிகட்டி மாற்றத்துக்குப் பிறகும் குப்பை குறைகிறது, கொஞ்ச நாளில் திரும்பிவிடுகிறது.

ஓசூரில் இந்தக் குப்பையின் விலை விமர்சனப் பக்கங்களோடு நிற்பதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றித் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நாலு மொழியில் தேடுகிறார்கள். வேலை தேடி வந்த இளைஞர்கள்தான் அதிகம். பெரிய ஆலைகளின் பெயரைப் போட்டு ஆளெடுப்பு நடப்பதாகச் சொல்லி, பதிவுக் கட்டணம் கேட்கும் பக்கங்கள் அவர்களுக்காகவே தயாராகின்றன. பழுதான குளிர்பதனப் பெட்டிக்கும் வராமல் போன பார்சலுக்கும் வாடிக்கையாளர் சேவை எண் தேடுகிறவர்களுக்கு, மோசடிக்காரர் எண்ணே முதலில் வந்து நிற்பது இந்தியக் குப்பையின் தனி முத்திரை. 2018-இலேயே மகாராஷ்டிரத்தில் கூகுள் வரைபடத்தில் வங்கிக் கிளைகளின் தொலைபேசி எண்ணை மாற்றிவைத்துப் பணம் பறித்தது சைபர் போலீசாரிடம் புகாராக வந்தது. எண் வேண்டுமானால் ரசீதிலும் பொருளின் பின்பக்கத்திலும் வங்கி அட்டையிலும் அச்சிட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்; அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் முடக்க முடியும்.

வடிகட்டி வலுவாக இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வியையும் சென்னைக்காரர் ஒருவரின் நிறுவனம்தான் இந்தியாவில் முதலில் எழுப்பியது. முருகவேல் ஜானகிராமனின் பாரத் மேட்ரிமோனி, 2012-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் கூகுள்மீது புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் ஆணையம், தேடல் பக்கத்தில் தன் சொந்தச் சேவைகளுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டு பாரபட்சம் காட்டியதாகச் சொல்லி கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகாரில் சொன்ன எல்லாவற்றையும் ஆணையம் ஏற்கவில்லை. ஆனாலும் எதைக் குப்பை என்று தள்ளுவது, எதை மேலே தூக்குவது என்ற அதிகாரத்தை ஒரு நாட்டின் அமைப்பு கேள்வி கேட்கலாம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. ஐரோப்பிய ஆணையமும் 2025 நவம்பரில், வாடகை இடம் பற்றிய விதி பத்திரிகைகளை நியாயமின்றிக் கீழே தள்ளுகிறதா என்று விசாரணை தொடங்கியிருக்கிறது.

தமிழ்நாடு கேட்க வேண்டியது அதைவிட எளிமையானது. போலிஷ் பேசுகிறவர்கள் ஏறத்தாழ நாலு கோடிப் பேர். தமிழ் பேசுகிறவர்கள் ஏழு கோடிக்கும் மேல். போலிஷ் தேடல்களில் எவ்வளவு குப்பை என்று 2012-இல் சொல்ல முடிந்த நிறுவனம், தமிழ்த் தேடல்களில் எவ்வளவு குப்பை, தமிழ் தெரிந்த எத்தனை பேர் அதைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள், தமிழ்நாட்டில் தெரிவிக்கப்படும் போலி எண்கள் எத்தனை நாளில் அகற்றப்படுகின்றன என்ற மூன்று கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். அதன் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை சென்னையில் வளர்ந்தவர். கேள்வியைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். அனுப்ப வேண்டியவர்கள் மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறையும், தமிழில் கணினி ஆய்வு நடத்தும் பல்கலைக்கழகங்களும்தான்.